மௌனத்தை முடிக்க ஆளில்லை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பிரியாவிடை உரை நிகழ்த்தினேன். உருக்கமான உரை. நாலைந்து நாள் உட்கார்ந்து எழுதியது. என்ன... கேட்கத்தான் யாரும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே டெலிபோன் லைன் செத்துப்போயிருந்தது!

செத்த லைனிடம் மனம்விட்டுப் பேசிய அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் கொடுத்துவைத்தவர்கள். மேலே படியுங்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் மரக்காணத்துக்குக் குடிவந்த கதை தெரியும். புதியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனைவி போன பிறகு சென்னையில் இருக்கப் பிடிக்கவில்லை. அவள் வழியில் வந்த சின்ன வீடு ஒன்று இங்கே உப்பளத்தைப் பார்த்தபடி சும்மா கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இடது பக்கத்து வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், வீடு பூட்டியிருக்கிறது. வலது பக்கம் உப்பு மூட்டை அடுக்கும் ஷெட். அதற்கப்புறம் வானம்தான். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று வந்த புதிதில் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

நான் வளர்ந்தது ஒரு சின்ன வழிபாட்டுச் சபையில். பொதுச்சபை என்போம். எந்த மதத்துக்காரரும் வரலாம் — அதற்காகத் தன்னுடையதை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. விக்கிரகம் கிடையாது, பூசாரி கிடையாது. வாரம் ஒருவர் தலைமை வகிப்பார். ஏதாவது ஒரு மதத்து நூலிலிருந்து ஒரு பக்கம் படிப்பார். ஐந்து நிமிஷம் எல்லோரும் மௌனமாக இருப்போம். பிறகு மனதில் இருப்பதைப் பேசுவோம். பிறகு டீ. அவ்வளவுதான் எங்கள் மதம்.

இதை இங்கே யாருக்கும் புரியவைக்க என்னால் முடியவில்லை. முடிவெட்டும் கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"என்னா மதம் சார் நீங்க?"

"எல்லாம்தான்."

கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "அப்போ பொங்கலுக்கும் லீவு, ரம்ஜானுக்கும் லீவு, கிறிஸ்மஸுக்கும் லீவா? நல்ல மதம் சார்!"

சென்னையில் எங்களுக்கு ஒரு வாடகை ஹால் இருந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். ஹாலைக் காலி செய்தோம். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது — ஆட்கள் ஹாலுக்கு வர முடியாவிட்டால் என்ன, ஹாலை ஆட்களிடம் கொண்டுபோனால்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்டர்நெட்டில் ஒரு சாட் ரூம் திறந்தேன். சந்தா கிடையாது, நன்கொடை கிடையாது, முழுக்க இலவசம். நான் மைக்கில் பேசுவேன், மற்றவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார்கள், சொல்ல வேண்டியதை ஆங்கில எழுத்தில் தமிழாக டைப் செய்வார்கள். பழைய ஆட்கள் சிலர் வந்தார்கள். அவர்கள் வழியாக முன்பின் தெரியாதவர்களும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். ஏன் வெள்ளி? சாஸ்திரம் எல்லாம் ஒன்றுமில்லை... வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு.

எங்கள் மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு விதி. தொடங்கிவைத்தவர்தான் முடித்துவைக்க வேண்டும். அவர் "ஆகட்டும்" என்பார். எல்லோரும் திருப்பி "ஆகட்டும்" என்போம். அதுவரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது. ஹால் காலத்தில் ஒருமுறை தலைமை வகித்தவர் மௌனத்திலேயே தூங்கிப்போய்விட்டார். லேசான குறட்டை வேறு. யாராவது எழுப்ப வேண்டுமே? ஊஹூம். முப்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் திடுக்கிட்டு "ஆகட்டும்!" என்றார். நாங்களும் பயபக்தியோடு "ஆகட்டும்" என்றோம். எங்கள் ஆட்கள் அப்படி.

சாட் ரூமிலும் அதே விதிதான். மௌனம் என்றால் யாரும் ஒரு எழுத்துகூட டைப் செய்ய மாட்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் ரூமில் இடம் கொள்ளவில்லை. மனிதர்களுக்கு எங்காவது போய் உட்கார வேண்டியிருந்தது. பிறகு மெல்லக் கரைந்தது. நாற்பது இருபதாயிற்று, இருபது பன்னிரண்டாயிற்று. அந்தப் பன்னிரண்டும் பெயர்கள்தான். பெயர்கள்கூட இல்லை, புனைபெயர்கள். 'தென்றல்' என்று ஒருவர், 'வழிப்போக்கன்' என்று ஒருவர். பெயர் வந்து நிற்கும். அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா, சமையல்கட்டில் ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டாரா — எப்படித் தெரியும்? நான் உயிரைக் கொடுத்துப் பேசி முடித்தால் ஒரு மஞ்சள் முகம் வந்து சிரிக்கும். இன்னொருவர் 'நைஸ் சார்' என்பார். கம்ப்யூட்டரை அணைத்தால் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். உலகம் முழுக்கச் சபை நடத்துகிறவன், தோசையைத் தனியாகச் சுட்டு, தனியாகத் தின்பேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். மலர் விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மலர் என்பவர் இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து வருவார். வயதானவர் என்பது மட்டும் தெரியும். எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். 'எல்லோருக்கும் வணக்கம், இங்கே மழை' என்று போடுவார். அங்கே எப்போதும் மழைதான் போலிருக்கிறது. அப்புறம் வாரக்கணக்காக வரவில்லை. பிள்ளை வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். போன வாரம் அவர் மகனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இரண்டே வரி. அம்மா காலமாகி இரண்டரை மாதம் ஆகிறது, அவருடைய முகவரிக்கு இனி உங்கள் அழைப்பை அனுப்ப வேண்டாம்.

இரண்டரை மாதம்! அத்தனை வெள்ளிக்கிழமையும் நான், 'இன்று சந்திப்போம், அவசியம் வாருங்கள்' என்று இறந்துபோன பெண்மணிக்கு அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் ஹாலில் ஒருவர் ஒரு வாரம் வராவிட்டால் போதும். மறுநாள் காலையில் யாராவது ஃபிளாஸ்கில் கஞ்சியோடு வாசலில் நிற்பார்கள். தொல்லை தாங்காது! சும்மா சோம்பலில் வராதவர்கள்கூட அந்தக் கஞ்சிக்குப் பயந்து அடுத்த வாரம் வந்துவிடுவார்கள். தன்னுடைய ஆள் செத்ததுகூடத் தெரியாத ஒரு கூட்டத்துக்குச் சபை என்று என்ன பெயர்? மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். உரை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. என் பெயரையும் சேர்த்துப் பன்னிரண்டு பெயர்களும் வந்து நின்றன. வழக்கம்போல ஒரு பக்கம் படித்தேன். பிறகு மலர் இறந்துபோன செய்தியைச் சொன்னேன். "இப்போது மௌனமாக இருப்போம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன்.

ஐந்து நிமிஷம் கழித்து, "ஆகட்டும்" என்றேன். ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயம். கையிலிருந்த பேப்பரைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று படித்தேன். நாம் ஒருவரை ஒருவர் அறியாமலே கூடிக் கலைகிறோம், இது போதாது, இந்த ரூமை இன்றோடு மூடுகிறேன், எல்லோரும் நன்றாக இருங்கள் — இவ்வளவுதான் சாரம். மிச்சம் எல்லாம் அலங்காரம். முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன்.

ஸ்க்ரீனில் பன்னிரண்டு பெயரும் அப்படியே நின்றன. ஒரு வரி இல்லை. காத்திருந்தேன். ஒரு எழுத்து இல்லை. 'ஏன் சார்?' என்று ஒருவர் கேட்கக்கூடாதா? ஒரு 'ஐயோ'? மஞ்சள் முகத்துக்குக்கூடவா பஞ்சம்? எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கோபம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அழுகைதான் வந்தது. இரண்டு வருஷம் இவர்களுக்காகவா?

கொஞ்ச நேரம் கழித்துத்தான், இணைப்பு இருப்பதைக் காட்டி ஸ்க்ரீனின் மூலையில் மினுக்கிக்கொண்டிருக்க வேண்டிய குட்டிப் படத்தைக் காணோம் என்பது உறைத்தது. எனக்கு இன்டர்நெட் வருவதே டெலிபோன் லைன் வழியாகத்தான். போனை எடுத்துக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. இங்கே அது புதிதில்லை. உப்புக்காற்று கம்பத்துப் பெட்டிக்குள் புகுந்து கம்பிகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். "கடல கொஞ்சம் தள்ளி வெச்சாத்தான் சார் உண்டு" என்பார் லைன்மேன். எங்கள் மௌனத்தின்போதே லைன் போயிருக்கிறது. நான் பேசியது முழுக்க எனக்கும் சுவருக்கும் மட்டும்தான்.

விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மனசு கேட்கவில்லை. மூடுவதையாவது ஒழுங்காகச் சொல்லி மூட வேண்டாமா? பேப்பரைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஷீர் பாயின் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. பக்கத்து ஊரான கூனிமேட்டுக்காரர். லைன் போகும்போதெல்லாம் எனக்கு அவர் கடைதான் கதி. நான் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மக்ரிப் தொழுகை நேரம். படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் தொழுகை முடிந்து வந்தார். கூடவே பக்கத்துச் செருப்புக்கடைக்காரர், டெய்லர் என்று மூன்று நாலு பேர். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, எதற்கோ சிரித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, அதே தோளில் கை போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்புகிறார்கள். பொறாமையாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, வயிறு எரிந்தது.

"ரொம்ப நேரமா உக்காந்துகினு இருக்கீங்களா சார்? வாங்க வாங்க" என்று ஷட்டரைத் தூக்கினார்.

ரூமுக்குள் நுழைந்தபோது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். என்னைத் தவிரப் பதினோரு பெயர்களும் இருந்தன. யாராவது ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போயிருப்பார்கள், பெயர் மட்டும் நிற்கிறது, வேறென்ன? அந்தக் கம்ப்யூட்டரில் மைக் வேலை செய்யவில்லை. டைப் செய்தேன்: 'யாராவது இருக்கீங்களா?'

பதில் இல்லை.

'ஹலோ?'

பதில் இல்லை. பார்த்தீர்களா, நான் சொன்னேனே! மூடுவதைப் பெயர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வெளியே வருவதற்காக மவுஸைப் பிடித்தேன்... அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லைன் போனது எனக்குத்தானே? அவர்களுக்குப் போகவில்லையே? நான் சொன்ன "ஆகட்டும்" அவர்களுக்குப் போய்ச் சேரவில்லையே?

டைப் செய்தேன்: 'ஆகட்டும்.'

உடனே தென்றல்: 'ஆகட்டும்.'

வழிப்போக்கன்: 'ஆகட்டும்.'

டொரான்டோ ரெபெக்கா — நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து உட்காரும் நர்ஸ் — 'ஆகட்டும்.'

ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. பதினோரு 'ஆகட்டும்'. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ஐந்து நிமிஷ மௌனத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், உலகத்தின் ஐந்தாறு மூலைகளில், ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாமல்! பிரவுசிங் சென்டரில் நாலு பேர் பார்க்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

தென்றல் கேட்டார்: 'மலர் அம்மாவுக்காகத்தானே சார் இவ்வளவு நேரம்? நல்லா இருந்துச்சு சார்.'

'ஆமாம்' என்று சொல்லிப் பெரிய மனுஷனாகியிருக்கலாம். பொய் வரவில்லை. லைன் கட்டாகிவிட்டது, உங்களை நான் வேண்டுமென்று உட்கார வைக்கவில்லை, மன்னியுங்கள் என்றேன். பிறகு ரெபெக்கா: 'பரவாயில்ல சார். உக்காந்தது உக்காந்ததுதானே.'

பையிலிருந்து பேப்பரை எடுத்தேன். 'ஒன்று சொல்ல வேண்டும்' என்று டைப் செய்ய ஆரம்பித்தேன். தென்றல் முந்திக்கொண்டார்.

'சார், மலர் அம்மா வராதத நான் கவனிச்சேன். யாராவது கேப்பாங்கன்னு இருந்துட்டேன். எல்லாரும் அப்படியே இருந்துட்டோம் போல. என் பேரு சலீம். ஊரு கோட்டக்குப்பம். ஷார்ஜால ஏசி மெக்கானிக். இது என் ரூம் நம்பர், இது செல் நம்பர். ரெண்டு வாரம் நான் வரலைன்னா யாராவது ஒரு போன் போடுங்க.'

இரண்டு வருஷமாக நான் இவரை 'சகோதரி தென்றல்' என்று வாழ்த்திக்கொண்டிருக்கிறேன்! பாவம், மனுஷன் ஒருநாள்கூடத் திருத்தியதில்லை.

பிறகு ரெபெக்கா. பிறகு வழிப்போக்கன் — மலேசியாவில் கிள்ளானில் ரிட்டையர்டு வாத்தியாராம், பெயர் தணிகாசலம். நிஜப் பெயர், ஊர், நம்பர். ஒருவர் விடாமல். எல்லோரும் கடைசியில் அதே ஒரு வரியைத்தான் போட்டார்கள்: நான் வரலைன்னா கூப்பிடுங்க. இந்த வரியைச் சொல்ல இவர்களுக்கு யாருமே இதுவரை இடம் கொடுக்கவில்லையா? நான் கொடுக்கவில்லையே. படித்ததும் பேசியதும் போக, இதற்கு நேரம் எங்கே இருந்தது?

என் பேப்பர் மடித்தபடியே பைக்குள் போயிற்று.

நானும் என் வீட்டு நம்பரைப் போட்டேன். ரெபெக்கா நர்ஸ் இல்லையா, விவரமாகக் கேட்டார்: 'நீங்க வரலைன்னா... அந்த நம்பர யாரு சார் எடுப்பாங்க?'

'யாரும் இல்லை' என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு எழுந்து போனேன்.

"பாய், உங்க கடை நம்பரை ஒரு எடத்துல குடுக்கலாமா?"

"குடுங்க சார், அதுக்கென்ன. யாரு பேசுவாங்க?"

"வெளிநாட்டுலேர்ந்து. நான் ரெண்டு வாரம் ஆளையே காணோம்னா, என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. நீங்க வீட்டுல போய்ப் பாத்துட்டுச் சொல்லணும்."

பஷீர் பாய் என்னையே பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார். அல்லா இருக்கான்." கொஞ்சம் தயங்கினார். "பாக்கறேன் சார், கண்டிப்பா பாக்கறேன். ஆனா... உங்க வூடு எங்க இருக்குது?"

மூன்று வருஷமாக அவர் கடைக்குப் போகிறேன். அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது.

கடை நம்பரை ரூமில் போட்டுவிட்டு எழுந்தேன். பாய் கடையைப் பார்த்துக்கொள்ளும்படி டெய்லரிடம் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு என் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே வந்தார். கேட் வரைக்கும் வந்து, உப்பு ஷெட்டைப் பார்த்தார், பூட்டின வீட்டைப் பார்த்தார். "தனியாவா சார் இருக்கீங்க?" என்றார். "உள்ள வாங்க பாய், டீ போடறேன்" என்றேன். "கடைல ஆளுங்க இருக்காங்க சார், இன்னொரு நாளு" என்று கிளம்பிவிட்டார். அவர் பைக் விளக்கு உப்பள ரோட்டில் திரும்பும்வரை கேட்டிலேயே நின்றேன்.

கடவுளுக்கு நம் விலாசம் தெரியும், சரி... பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?